நான் வரைந்த இமைகள்

அக்கா படம் எடுப்பாள், நான் அதைக் கெடுப்பேன். இது நான் சொல்வதல்ல. எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிற எல்லோரிடமும் அக்கா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவாள். "இவ என் தங்கச்சி. நான் பாடுபட்டு எடுக்கிற படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குழப்பி, ஓவியம்னு பேர் வெச்சிடுவா." வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்காவிடம் மட்டும் அது வாசலோடு நின்றுவிடும்.

பட்டனை அழுத்தினால் புகைப்படம் எண்ணெய் ஓவியமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டனை அழுத்திக் காட்ட எனக்கு ரொம்ப நாள் ஆசை. வருவது ஓவியமாக இருக்காது, மழையில் நனைந்த போட்டோவாக இருக்கும். மென்பொருளுக்கு மூக்கும் ஒன்றுதான், சட்டைக் காலரும் ஒன்றுதான். எல்லாவற்றின் மேலும் ஒரே தூரிகையை இழுத்துவிட்டுப் போய்விடும். எது முகம், எது சுவர் என்று நான்தான் அதற்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சுவருக்கு அகலத் தூரிகை, துணிக்கு நடுத்தரம், கன்னத்துக்கு மெல்லியது. கண்ணையும் உதட்டையும் அதை நம்பி விடவே கூடாது. அங்கே மட்டும் மின்பேனாவைப் பிடித்து நானே கையால் தீட்டுவேன். ஒரு முகத்துக்கு அரை நாள் போய்விடும். இதற்கு அக்கா வைத்திருக்கும் பெயர் வெள்ளையடிக்கிற வேலை.

அவள் அப்படிப் பேசுவதற்கு அவளுக்குத் தகுதி இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலில் அவளுக்குக் கழுகு என்று பெயர். அவள் எடுத்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கேமரா தானாகவே குவியம் பார்த்துக்கொள்ளும் இந்தக் காலத்திலும் அவள் கையால் திருப்புகிற பழைய லென்ஸ் ஒன்றைத்தான் வைத்திருந்தாள். "மெஷினுக்கு மூக்கு எது, கண்ணு எதுன்னு தெரியாது. கிட்ட இருக்கிறதைப் பிடிச்சுக்கும். எனக்குக் கண்ணு வேணும்" என்பாள். இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் கேமராவில் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தை ஒரு மயிரிழை திருப்புவாள். அப்போது அவளிடம் பேசினால் உதை விழும்.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எடுத்த படத்தை மூன்று நாளைக்குப் பார்க்கமாட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, எடுத்த சூட்டோடு பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும் என்பது அவள் கட்சி. கேமராவிலிருந்து கார்டை உருவி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். தேறினது தேறாதது என்று பிரிப்பது நான். நாலாம் நாள் வந்து, நான் எடுத்து வைத்ததை மட்டும் பார்ப்பாள். எத்தனையோ வருடமாக இப்படித்தான் நடந்தது. எங்களுக்குள் சண்டை வராமல் இருந்ததற்கு அந்த மூன்று நாள்தான் காரணம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தன் மனைவியோடு வந்தார். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகிறதாம். இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒழுங்காக ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லையாம். அக்கா அவர்களை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். நாற்பது வருடமாக வீடு வீடாக நடந்த மனிதருக்கு ஐந்து நிமிடம் சும்மா உட்காரத் தெரியவில்லை. அந்த அம்மா அவர் தொடையைத் தட்டி அடக்கினார். அக்கா ஏழெட்டுப் படம் எடுத்திருப்பாள்.

மறுநாள் கார்டைத் திறந்தேன். தபால்காரரின் சட்டைப் பொத்தான் அருமையாக வந்திருந்தது. பொத்தானைத் தைத்த நூலைக்கூட எண்ணலாம். முகம் இரண்டும் மங்கல். அடுத்த படம், அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். ஒன்றில் காது, ஒன்றில் நாற்காலியின் கைப்பிடி. கண் எதிலுமே இல்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று நினைத்தேன். நியாயமாக அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. தபால்காரருக்கு போன் பண்ணி, "ஐயா, உங்க படத்தை ஓவியம் மாதிரி பண்ணித் தரட்டுமா, ரொம்ப நல்லா இருக்கும்" என்று கேட்டேன். அவர் தன் மனைவியைக் கேட்டார், மனைவி சரி என்றார். ஓவியத்தில் இது ஒரு வசதி. மங்கலான புகைப்படம் என்றால் தப்பு. அதுவே ஓவியமாகிவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். தூரிகை இழுத்த இடத்தில் கூர்மை எங்கே என்று யார் கேட்கப் போகிறார்கள்? கண்களை மட்டும் நான் உட்கார்ந்து வரைந்தேன். அந்த அம்மாவின் இமைகளுக்கு ஒரு முழுக் காலை போயிற்று.

அவர்கள் வந்து பார்த்தார்கள். தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா, "நான் இவ்ளோ அழகாவா இருக்கேன்" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த வாரம் ஒரு கைக்குழந்தை. குழந்தையின் தொப்பி துல்லியம், குழந்தை பனிமூட்டம். அதையும் ஓவியமாக்கினேன். அதற்கப்புறம் ஒரு பல் டாக்டர் குடும்பம், பள்ளிக்கூட ஆசிரியைகள் ஆறு பேர், நாயோடு ஒரு தையற்காரர். நாய் அசைந்ததால் அப்படி ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. பாதிப் படம் நன்றாக வந்தது, பாதி வரவில்லை. வராததையெல்லாம் நான் தூரிகைக்குள் ஒளித்து, நாலாம் நாள் அக்காவிடம் ஓவியமாகவே காட்டினேன். வாடிக்கையாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஓவியம்தான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு எரிச்சல். "எல்லாருக்கும் என்ன கிறுக்கு பிடிச்சிருக்கு? கண்ணாடி மாதிரி எடுத்துக் குடுத்தா, பூசிக் குடுன்னு கேக்கறாங்க." நான், "கேக்கறாங்க, நான் என்ன பண்ணட்டும்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம், சுத்தம் பண்ணக் கொடுப்பதாகச் சொல்லி அதை வாங்கிக் கடைத்தெருவில் இருக்கும் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு நாள் வைத்திருந்து, ஒரு தாளில் எழுத்துகளைப் படம் பிடித்துக் காட்டினார். எழுத்து கத்தி மாதிரி இருந்தது. "லென்ஸ் இன்னும் இருபது வருஷம் ஓடும்மா. யார் பிடிக்கிறாங்க இதை?" என்றார். "என் அக்கா" என்றேன். அவர் லென்ஸைத் துணியில் சுற்றித் தந்தார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அக்காவின் கண்ணில்தான் ஏதோ என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது யார் கேட்டாலும் ஒரே ஒரு பதில்தான் வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கார்டு பழுதாகி, ஒரு கல்யாணத்தின் படங்கள் மொத்தமும் போய்விட்டன. அது அவள் தப்பே இல்லை. ஆனாலும் ஸ்டூடியோவின் பின்னறையில், விளக்குத் தாங்கிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அக்கா அழுதாள். அம்மா செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நாற்பது நாள் கேமராவைத் தொடவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. லாரி ஓட்டப் போயிருந்த மாமா, அவள் கணவர், பாதி வழியில் திரும்பி வந்தார். அந்த அழுகையை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது. கடையின் முன் கண்ணாடியில் அக்காவின் படங்கள் இருந்த இடத்தில் என் ஓவியங்கள் மூன்று தொங்கின.

ஒரு நாள் அக்கா அதில் ஒன்றைக் கிட்டே போய் நின்று பார்த்தாள். ஆசிரியைகளில் ஒருத்தியின் முகம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாத்தியா, நீ எவ்ளோ பூசினாலும் இமை முடி ஒண்ணொண்ணா நிக்குது. அதுதான் என் கை" என்றாள். அந்த இமைகள் அத்தனையும் நான் வரைந்தவை. அடியில் இருந்த படத்தில் அங்கே ஒரு பழுப்புக் கறைதான் இருந்தது. நான் "ஆமா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு ஆமா என்பதைத் தவிர வேறு என்ன வரும்?

அதற்கப்புறம் கதவு விவகாரம் வந்தது. ஸ்டூடியோவின் உள்கதவுச் சட்டம் வளைந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். கேமரா வழியாகப் பார்க்கும்போது நடுவில் தொந்தி போட்டதுபோல் தெரிகிறதாம். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வழக்கமாகச் சொல்கிற கிண்டல்தான், அவளும் சிரித்தாள். எனக்குத்தான் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தச்சரைக் கூப்பிட்டாள். அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், நூல் பிடித்துப் பார்த்தார். "சட்டம் நேராத்தான் இருக்கும்மா" என்றார்.

"வளைஞ்சிருக்கு. நல்லா பாருங்க."

"நான் பாத்துட்டேன். நீங்க இங்க வாங்க. இந்தக் கண்ணை மூடிப் பாருங்க. இப்ப அந்தக் கண்ணை மூடிப் பாருங்க."

அக்கா இடது கையால் ஒரு கண்ணைப் பொத்தினாள், பிறகு மற்றதை. மறுபடி முதல் கண்ணை. அவள் கை மெதுவாகக் கீழே இறங்கியது. "எங்க மாமனாருக்கும் இப்படித்தான் சொன்னாங்க. சீக்கிரமா காட்டிடுங்க" என்றார் தச்சர். வந்ததற்குக் கூலி எதுவும் வாங்கிக்கொள்ளாமல் ரசமட்டத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். யாரோ ஒரு மனிதர் அரை மணி நேரத்தில் சொன்னதை நான் எட்டு மாதமாகச் சொல்லவில்லை.

கண் மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். இடது கண்ணை அட்டையால் மூடி எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். அக்கா முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரிக்குத் தலையை மெல்லச் சாய்த்து, அட்டையின் ஓரமாக நல்ல கண்ணால் பார்க்கப் போனாள். "திருட்டுத்தனம் பண்ணாதீங்கம்மா" என்று நர்ஸ் தலையை நேராக்கினாள். அக்கா சிரித்தபடியே, "அந்த எழுத்துல யாரோ விரலால தேச்சிருக்காங்க" என்றாள். யாரும் தேய்க்கவில்லை.

சொட்டு மருந்து விட்டு, படமெடுத்து, கடைசியில் டாக்டரின் அறைக்குள் போனோம். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண், பேச்சில் அவசரம் இல்லை. விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, சர்க்கரை வியாதியால் வருவது, வலது கண்ணில் மட்டும் இருக்கிறது என்று ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். அக்காவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை.

"எத்தனை நாளா மங்கலா இருக்கு?"

"ஒரு பத்து நாள் இருக்கும் டாக்டர். கேமராக் கண்ணாடி அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்தேன். படமெல்லாம் நல்லா வந்துட்டிருந்தது. கண்ணுல குறைன்னா படத்துல தெரிஞ்சிருக்குமே."

டாக்டர் எழுதப் போனார். பிறகு பேனாவை நிறுத்தி, "பத்து நாள்ல இவ்ளோ வராதே. நாள் கணக்கு முக்கியம், அதான் கேக்கறேன். புதுசுன்னா ஊசி போட்டுப் பெரும்பாலும் திரும்பக் கொண்டுவந்திடலாம். பழசுன்னா இருக்கிறதைக் காப்பாத்தத்தான் பாக்கணும்" என்றார்.

அந்த அறையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, டாக்டரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டுப்போயிருப்பது அவள் படம் எடுக்கிற கண். பத்து நாள் என்று எழுதிவிட்டால் அவளுக்கு நம்பிக்கை மிஞ்சும், ஆனால் வைத்தியம் தப்பாகப் போகும்.

"எட்டு மாசம் டாக்டர்" என்றேன். "எட்டு மாசமும் பதினாறு நாளும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல்ல மங்கின தபால்காரர் படத்துல தேதி இருக்கு. அன்னிலேருந்து படம் மங்கலாத்தான் வருது. நான் ஓவியமா மாத்தி மறைச்சிட்டேன்." அக்காவின் பக்கம் திரும்பாமல், மிச்சத்தையும் சொன்னேன். "இமை முடியெல்லாம் நான் வரைஞ்சதுக்கா."

டாக்டர் எட்டு மாதம் என்று எழுதினார். என்னைத் திட்டவில்லை. மூன்று ஊசி போடலாம், மாதம் ஒன்று, முதலாவது இன்றைக்கே, இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், இடது கண் நன்றாக இருக்கிறது என்றார். வலது கண்ணால் மறுபடி கேமராவில் பார்க்க முடியுமா என்று அக்கா கேட்டாள். "நடுப்பார்வை இனி பழையபடி வராதும்மா" என்றார் டாக்டர். அக்கா தலையாட்டினாள், யாரோ தெருவுக்கு வழி சொன்னதுபோல.

ஊசி போட்டு வெளியே வந்தபோது அவள் வலது கண்ணில் வெள்ளைக் கட்டு இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நடைவழியில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எதிரே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். மற்ற நாளாக இருந்தால் அக்கா அவரை வைத்து ஏதாவது சொல்லியிருப்பாள்.

"லென்ஸைச் சுத்தம் பண்ணக் குடுக்கறேன்னு வாங்கிட்டுப் போனியே, அப்பவே உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"அப்ப எத்தனை மாசம் ஆகியிருந்தது?"

"மூணு."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணினாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை மடியில்தான் வைத்திருந்தாள்.

"ஏன்டி சொல்லல?"

"நீ அழுவேன்னு பயமா இருந்ததுக்கா. அன்னிக்கு பின்னறைல உக்காந்து அழுதியே, அந்த மாதிரி."

அக்கா தலையை முழுசாகத் திருப்பினாள். வலப்பக்கம் இருந்த என்னைப் பார்க்க அவள் அப்படித்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஒற்றைக் கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"அழுதிருப்பேன்தான்" என்றாள். "அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிக்கிட்டு, மறுநாளே இங்க வந்திருப்பேன்ல?"